தெரிவுக்கு முன்னால் நடந்த தெரிவு: சோழர் செப்புத்திருமேனிகளும் கண்காட்சிகளும்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1974-இல் நடத்தத் திட்டமிட்ட ஒரு கண்காட்சி கடைசியில் நடக்கவே இல்லை. கலிபோர்னியத் தொழிலதிபர் நார்ட்டன் சைமன் சேர்த்துவைத்திருந்த இந்திய, தென்கிழக்காசியக் கலைப்பொருட்களுக்கான கண்காட்சி அது. அந்தச் சேகரிப்பின் நடுநாயகம் கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராசர். 1951-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த திருமேனி. சில ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்ப்பதற்காக ஸ்தபதியிடம் போனது. கோயிலுக்குத் திரும்பி வந்ததோ அதன் நகல். அசல் பல கைகள் மாறி 1973-இல் ஒன்பது லட்சம் டாலர் விலைக்கு சைமனிடம் சேர்ந்தது. கோயிலில் இருப்பது போலி என்பதை பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-இல் வெளிவந்த தம் நூலிலேயே எழுதியிருந்தார். இந்திய அரசு எதிர்த்தது, கண்காட்சி கைவிடப்பட்டது, வழக்கு தொடுக்கப்பட்டது. 1976-இல் சமரசம் ஏற்பட்டு, பத்தாண்டுகள் சைமனின் அருங்காட்சியகத்தில் காட்சியில் இருந்த பிறகு 1986-இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

ஒரு காப்பாட்சியர் கலைப்பொருளிடம் எதிர்பார்க்கும் எல்லாம் அந்தத் திருமேனியிடம் இருந்தன. காலம் தெளிவானது, பாணி தெளிவானது, வார்ப்பு குறையற்றது, அளவு அரங்குக்குப் பொருத்தமானது, பார்வையாளரை நிற்கவைக்கும் அழகும் உண்டு. பட்டியலின் எந்தக் கட்டத்திலும் அது தோற்றிருக்காது. அது எப்படிப் பட்டியலுக்குள் வந்தது என்ற கேள்விக்கு மட்டும் பட்டியலில் கட்டம் இல்லை.

சோழர் செப்புத்திருமேனிகள் உலக அரங்குகளில் எப்படித் தெரிவுசெய்யப்பட்டன என்று பார்க்கிறபோது இந்தக் கேள்வியே என் மனத்தில் முன்னால் வந்து நிற்கிறது. வாஷிங்டன் சாக்லர் காலரியில் 2002-இல் தொடங்கி டாலஸ், கிளீவ்லாந்து நகரங்களுக்கும் சென்ற கண்காட்சி. லண்டன் ராயல் அகாடமியில் 2006 நவம்பரிலிருந்து 2007 பிப்ரவரி வரை நடந்த கண்காட்சி. இரண்டுமே சோழர் செப்புத்திருமேனிகளுக்கென்றே தனியாக அமைந்தவை, இரண்டிலும் வித்யா தெஹேஜியாவின் புலமை இருந்தது. அவற்றுக்கு முன்னால் 1982-இல் லண்டனிலும் 1985-இல் அமெரிக்காவிலும் நடந்த இந்திய விழாக்களின் பெரிய சிற்பக் கண்காட்சிகள். இவை எல்லாவற்றிலும் காப்பாட்சியர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய கைக்கு எட்டிய திருமேனிகளை அதற்கு வெகு முன்பே வேறு சில சக்திகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தன. மண் தேர்ந்தெடுத்தது, சட்டம் தேர்ந்தெடுத்தது, சந்தை தேர்ந்தெடுத்தது. அந்த முதல் தெரிவைப் பேசாமல் இரண்டாம் தெரிவை மட்டும் பேசுகிற கண்காட்சி வரலாறு பாதி வரலாறுதான்.

மண்ணிலிருந்து தொடங்கலாம். படையெடுப்புகளின்போதும் கலகங்களின்போதும் உற்சவத் திருமேனிகளைக் கோயில் வளாகத்திலோ அருகிலோ புதைத்துவைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்ப வராத இடங்களில் அவை அப்படியே தங்கிவிட்டன. அறுநூறு எழுநூறு ஆண்டுகள் கழித்து ஏர் முனையிலும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் அகப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து அது அருங்காட்சியகத்துக்குப் போகும். 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம் பெருமளவு இந்தச் சட்டத்தால் நிறைந்தது. 1932-இல் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் அந்தச் சேகரிப்புக்கு விரிவான விளக்கப் பட்டியல் வெளியிட்டார்கள். பி.ஆர். சீனிவாசன், சி. சிவராமமூர்த்தி, பாரெட், பின்னாளில் இரா. நாகசாமி என்று இந்தத் துறையைக் கட்டி எழுப்பிய அறிஞர்களுக்கெல்லாம் முதல் பாடநூல் இந்தக் கூடம்தான்.

புதைந்து கிடந்ததால் திருமேனிக்கு நேர்ந்த ஒரு மாற்றத்தைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வழிபாட்டில் தொடர்ந்து இருக்கும் உற்சவர் நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்டவர். பாலும் சந்தனமும் திருநீறும் தேய்த்துக் கழுவும் கைகளும் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கிவிடுகின்றன. மூக்கின் முனை தட்டையாகும். உதட்டின் கோடு கரையும். ஆரத்தின் மணிகள் ஒன்றோடொன்று இழைந்துபோகும். சில கோயில்களில் தேய்ந்துபோன கண்களை உளியால் மறுபடி கீறித் தெளிவுபடுத்துவதும் உண்டு. மண்ணுக்குள் போன திருமேனிக்கோ அபிஷேகம் நின்றுவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் எந்த நிலையில் உள்ளே போனதோ ஏறக்குறைய அந்த நிலையில், பாசிப்பச்சைக் களிம்பு மட்டும் ஏறி, வெளியே வருகிறது. புருவத்தின் வளைவும் இடைக்கச்சின் மடிப்பும் கூர்மையாக இருக்கின்றன. நூல்களில் 'தலைசிறந்த சோழர் படைப்பு' என்று அச்சான திருமேனிகளில் பல இப்படிப் புதைந்து மீண்டவை. அவற்றின் கூர்மைக்குச் சிற்பியின் கை ஒரு காரணம். வழிபாடு நின்றுபோனது மற்றொரு காரணம். சிறப்பை வரிசைப்படுத்தும்போது இந்த இரண்டாவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். பூசை தொடர்ந்து நடந்த ஊரின் திருமேனி தேய்ந்தது. அதனாலேயே அது 'இரண்டாம் தர'மாகிவிட்டது.

திருவெண்காடு இதற்கு நல்ல சான்று. சீர்காழியை அடுத்த அந்த ஊரில் 1950-களில் தொடங்கிச் சில தடவைகளாகக் கிடைத்த திருமேனிகள் தென்னிந்திய உலோகச் சிற்பத்தைப் பற்றிய நம் எண்ணத்தையே திருத்தின. ரிஷபவாகனர், அவருடைய தேவி, பிட்சாடனர், திருமணக்கோலத்தில் சிவனும் உமையும், தாரைவார்த்துக் கொடுக்கும் திருமாலும் திருமகளும். இவர்கள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். அதே ஊரின் அர்த்தநாரி சென்னையில். ரிஷபவாகனரை எழுந்தருளச்செய்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது: முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011; தேவி அடுத்த ஆண்டு. செப்புத்திருமேனிகளில் இவ்வளவு துல்லியமாகக் காலம் சொல்ல முடிந்தவை வெகு சில. பிற திருமேனிகளின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொள்வது இவற்றைத்தான்.

ரிஷபவாகனர் முன்னால் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாம்புகள் பின்னிய சடை தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறது. ஒரு கால் நேராக ஊன்ற, மற்றது அதைக் குறுக்காகத் தாண்டித் தளர்ந்திருக்கிறது. ஒரு கை மடங்கி எதன்மேலோ சாய்ந்திருக்கிறது. அந்த 'எது' அங்கே இல்லை. காளை கிடைக்கவில்லை. வெற்று வெளிமேல் சாய்ந்த அந்தக் கையின் அழகை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வார்த்த சிற்பி நினைத்த காட்சியில் காளையின் தோளும் கழுத்தும் இருந்தன, அந்தச் சாய்வுக்குக் காரணம் இருந்தது. இன்று நாம் வியக்கும் ஒயில், ஓர் இழப்பிலிருந்து வந்தது. திருவாலங்காட்டு நடராசருக்கும் இதேதான். சென்னை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற அந்தத் திருமேனிக்குத் திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. சுடர் வட்டம் இல்லாததாலேயே உடலின் கோடுகள் தனித்துத் தெரிகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் சென்னை நடராசரைப் பற்றி 1913-இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1921-இல் அச்சான கட்டுரையை நினைத்துப் பாருங்கள். விக்டர் கொலூபேவ் காட்டிய புகைப்படங்களைப் பார்த்து எழுதியது அது. திருமேனியை அவர் நேரில் கண்டதில்லை. ஆடை இல்லை, மாலை இல்லை, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுகிறது. உலகம் சோழர் செப்புத்திருமேனியைப் பார்க்கக் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட படங்களிலிருந்துதான்.

கோயிலில் உற்சவரின் உடலை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பட்டும் நகையும் பூவும் போர்த்திய அலங்காரத்தில் முகமும் கைகளும் பாதமும் மட்டுமே தெரியும். இடையின் நெளிவு, முதுகின் பள்ளம், தொடையின் வளைவு எல்லாம் வார்த்த ஸ்தபதிக்கும் திருமஞ்சனம் செய்யும் அர்ச்சகருக்கும் மட்டும் தெரிந்தவை. அருங்காட்சியகமோ அந்த மறைந்த பாகங்களை வைத்தே தரம் பார்த்தது. சாக்லர் காலரி 1996-இல் 'பூஜா' என்ற கண்காட்சியில் வழிபாட்டுச் சூழலோடு திருமேனிகளைக் காட்ட முயன்றது. அலங்கரித்த திருமேனி எப்படி இருக்கும் என்பதை அமெரிக்கப் பார்வையாளர் அறியும் வாய்ப்பு அது. மற்ற பெரும் கண்காட்சிகளில் பட்டியலைத் தீர்மானித்தது கோட்டின் அழகு. தெஹேஜியாவே தம் பிற்கால எழுத்தில், குறிப்பாக 2021-இல் வந்த நூலில், செம்பு எங்கிருந்து வந்தது, செலவு யார் கொடுத்தது, எந்தக் கோயிலில் எந்த விழாவுக்கு எடுத்தார்கள் என்று பொருளின் வாழ்க்கைப் பக்கம் திரும்பியது இந்தத் துறைக்கு நல்ல திருப்பம். சாரதா சீனிவாசன் 1990-களில் இருந்து செய்துவரும் உலோகவியல் ஆய்வும், ஈயத்தின் தன்மையைக் கொண்டு திருமேனிகளைத் தொகுதி பிரிப்பதும், அழகை மட்டும் நம்பி நடந்த காலக்கணிப்பைச் சோதித்துப் பார்க்க வழிகொடுத்தன.

இனி நடைமுறைக்கு வரலாம். தலைப்பு முடிவாகி, காப்பாட்சியர் நூறு பொருட்களின் பெயரை எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு நாற்பதாகக் குறைவது அழகினால் அல்ல. உப்பினாலும் எடையினாலும் உயில்களினாலும்.

முதலில் எடை. சோழர் திருமேனிகள் மெழுகு அழித்து வார்த்தவை, கனவார்ப்பு, உள்ளே குடைவு இல்லாதவை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ள நடராசர் 153 செ.மீ. உயரம், ஏறத்தாழ 300 கிலோ. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய மருத்துவமனை எக்ஸ்ரே போதாது. ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் சுங்கத்துறைக் கருவியில் வைத்துப் படம்பிடித்தார்கள். திருவாசி உட்பட முழுவதும் கெட்டி உலோகம் என்று 2022-இல் அறிவித்தார்கள். இப்படி ஒரு பொருளை மாடி அரங்கில் வைக்கத் தளம் தாங்குமா, லிஃப்ட் தாங்குமா, பீடத்தின் துளைகளில் கழி கொடுத்துத் தூக்குவதா அல்லது அடியில் பட்டை கொடுப்பதா என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பட்டியலில் நிற்கும். ஒற்றைக்காலில் ஆடும் உருவத்துக்கு முழு எடையும் முயலகன்மேல் ஊன்றிய கணுக்காலில் இறங்குகிறது. பயணத்தில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். அல்லது திருவாசியைப் பீடத்தோடு பொருத்தும் முளைகளில்.

அடுத்தது ஈரம். மண்ணுக்குள் கிடந்த உலோகத்தில் உப்பு ஊறியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு விழித்துக்கொண்டு வெளிறிய பச்சைப் பொடியாகப் பூக்கும், தொட்டால் உதிரும், உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போகும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-களில் வேதியியலர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் பல திருமேனிகளின் களிம்பை நீக்கியது இந்த நோயை எதிர்கொள்ளத்தான். இந்தியாவில் அருங்காட்சியகப் பொருட்களுக்கு அறிவியல் முறையில் சிகிச்சை தொடங்கிய இடங்களில் அது முன்னோடி. அதன் விளைவாக அங்குள்ள சில திருமேனிகள் பச்சை இல்லாமல் செம்பழுப்பாக இருக்கின்றன. மண்ணின் தடயத்தோடு பார்க்க விரும்புகிறவருக்கு அது இழப்பாகத் தோன்றலாம். உப்பு தின்று தீர்ப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

இங்கே தெரிவில் நேரடியாகக் குறுக்கிடும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலை அருங்காட்சியகங்கள் பொதுவாக அரங்கின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைக்கின்றன. மரத்துக்கும் ஓவியத்துக்கும் அது ஏற்றது. உப்பேறிய செம்புக்கு அது அதிகம். 40-க்குக் கீழே போனால்தான் பாதுகாப்பு. அப்படியானால் உற்சவர் ஏறிவந்த மர வாகனத்தையும் உற்சவரையும் ஒரே பேழையில் வைக்க முடியாது. திரைச்சீலை, சுவடி என்று வந்தால் வெளிச்சமும் தகராறு செய்யும்: துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் என்ற அளவு, உலோகத்துக்கு வெளிச்சத்தால் பயமில்லை, மங்கலில் வைத்தால்தான் வார்ப்பின் நுணுக்கம் தெரியாமல் போகும். திருவிழாவைச் சொல்ல நினைத்த கண்காட்சி இப்படியே உலோகம் மட்டும் நிற்கும் கண்காட்சியாகச் சுருங்குகிறது. கருத்தினால் சுருங்கியதாகப் பார்வையாளர் நினைப்பார். ஒவ்வொரு பேழைக்கும் தனித்தனிக் காற்றுச்சூழல் அமைக்கிற செலவைக் கேட்டு ஒதுக்கித்தரும் நிர்வாகம் இருந்தால் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

பிறகு உரிமைகளும் உயில்களும். சாக்லரோடு நிலத்தடி வழியால் இணைந்திருக்கும் ஃபிரியர் காலரியில், 1929-இல் வாங்கப்பட்ட தேவி திருமேனி ஒன்று இருக்கிறது. செம்பியன் மாதேவியின் சாயலில் வார்த்தது என்று பலர் கருதுவது. பார்வதியே என்பாரும் உண்டு. நீண்ட உடலும் சரிந்த தோளும் இறங்கித் தொங்கும் கையுமாக, சோழர் அரசியரைப் பற்றிப் பேசும் எந்தக் கண்காட்சியும் கேட்க விரும்பும் பொருள். ஆனால் சார்ல்ஸ் லாங் ஃபிரியர் விதித்த நிபந்தனைப்படி அந்தக் காலரியின் பொருள் வெளியே கடனாகப் போகக்கூடாது, வெளிப்பொருள் அங்கே உள்ளே வரக்கூடாது என்று இருந்தது. 2002-இல் பக்கத்துக் கட்டடத்தில் சோழர் கண்காட்சி நடந்தபோதும் அந்த விதி நடப்பில் இருந்தது.

இந்தியப் பக்கத்தில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நிற்கிறது. நூறாண்டு கடந்த சிற்பத்தை மத்திய அரசின் வழியாகத் தவிர வேறு வழியில் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்தக் கண்டிப்பு அவசியமானது. அரசுக்கு அரசு கடன் கொடுக்கும்போதும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. 2007 டிசம்பரில் பாரிஸ் கீமே அருங்காட்சியகத்துக்கு வங்கதேசம் அனுப்பவிருந்த பொருட்களில் இரண்டு விஷ்ணு சிலைகள் டாக்கா விமான நிலையத்திலேயே களவுபோயின, கண்காட்சியே ரத்தானது. அதன் பிறகு தெற்காசியாவில் எந்தக் காப்பாட்சியரும் விமான நிலையச் சரக்குக் கிடங்கை நினைக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்.

ஆகவே பட்டியலில் எஞ்சுகிறவை என்ன? பெரும்பாலும் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருப்பவை. சாக்லர் கண்காட்சியில் வைத்த ஏறத்தாழ 60 திருமேனிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்புகளிலிருந்து வந்தவை. இங்கேதான் மூன்றாவது சக்தியான சந்தை உள்ளே வருகிறது. கிளீவ்லாந்தின் நடராசர் 1930-இல் அங்கே போய்ச்சேர்ந்தவர்; மெட்ரோபாலிட்டனின் பார்வதி 1957-இல். அந்தக் காலத்துக் கொள்முதல்கள் அன்றைய சட்டத்துக்குள் நடந்திருக்கலாம். ஆனால் 1950-களுக்கும் 2000-களுக்கும் இடையில் தமிழகக் கோயில்களிலிருந்து போனவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

பத்தூர் வழக்கு தெரிந்ததுதான். 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணில் கிடைத்த நடராசர், கனடா நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், பிரிட்டிஷ் மியூசியத்தில் பராமரிப்புக்காக இருந்தபோது லண்டன் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. கோயிலின் சிவலிங்கமே வழக்காடும் தகுதியுள்ள நபராக ஏற்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் கோயில் பக்கம் தீர்ப்பாகி 1991-இல் நடராசர் திரும்பினார். ரிச்சர்ட் டேவிஸ் 1997-இல் எழுதிய நூல் இந்த வழக்கை விரிவாகப் பேசுகிறது.

ஸ்ரீபுரந்தான் அதைவிட வலிக்கிறது. ஏனென்றால் அது நடந்தது எல்லாரும் பாடம் கற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில். அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் காலரி 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். கூடவே வந்த பழைய உரிமைக் கடிதம், தில்லியில் பணியாற்றிய ஒரு சூடானியத் தூதரக அதிகாரி நெடுங்காலத்துக்கு முன் வாங்கியதாகச் சொன்னது, பொய்க் கடிதம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துவைத்திருந்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டபோது உண்மை வெளியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நேரில் வந்து ஒப்படைத்தார். சிட்னி காலரியில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் அதனோடு வந்தது. கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது, இன்னொரு சிலைத் திருட்டு வழக்கில்.

பிரெஞ்சு நிறுவனத்தின் அந்தப் புகைப்படங்கள் இந்தத் துறையின் போக்கையே மாற்றியிருக்கின்றன. 1955-இல் தொடங்கிய நிறுவனம். அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில் கோயிலாகப் படமெடுத்தார்கள். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை எடுத்தவர்கள் சிற்ப ஆய்வுக்காகவே எடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அவை சாட்சிகளாயின. ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் சாதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார், 1957-இல் கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் எடுத்த படத்தில் இருப்பவர்தான் என்று தெரிந்ததும் அப்படித்தான். கேள்வியைக் கிளப்பியது அருங்காட்சியகத்துக்கு வெளியே இருந்த ஆய்வாளர். அருங்காட்சியகம் தானே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தர இசைந்தது. இந்த நேர்மை பாராட்டத்தக்கது. பத்தாண்டு முன்பு வேறு இடங்களில் இதே நிலையில் வழக்கறிஞர்கள்தான் பேசினார்கள்.

அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர் சங்கம் 2008-இல் கொள்முதலுக்கு 1970-ஐ எல்லைக்கோடாக வைத்தது, யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டு. அதற்கு முன் நாட்டைவிட்டு வெளியேறியதற்குச் சான்று இருக்கவேண்டும் அல்லது அதற்குப் பின் சட்டப்படி வெளியேறியிருக்கவேண்டும் என்பது விதி. இதைக் கடன்வாங்கும் பொருட்களுக்கும் காட்டும் பக்குவம் மெல்ல வருகிறது. ஆனால் 1970 என்பது சட்டத்தின் கோடு. அஷ்மோலியன் திருமங்கையாழ்வார் அந்தக் கோட்டுக்கு முந்தியவர். விதிப்படி அவரைக் கண்காட்சியில் வைக்கத் தடையேதும் இருந்திருக்காது. ஆகையால் ஊர் எது, கோயில் எது, எப்போது வெளியேறியது என்ற மூன்றுக்கும் பதில் தெரியும்வரை எந்தத் திருமேனியையும் கண்காட்சிப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதில் கிடைக்காவிட்டால் அதையே காட்சிப் பலகையில் எழுதி, புகைப்படத்தையும் வைத்து, பார்வையாளரிடம் கேட்கலாம். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பார்த்தால் தம் ஊர்ச் சாமியை அடையாளம் சொல்லக்கூடும்.

தெரிவில் விடுபடுகிறவர்களையும் சொல்லவேண்டும். நாயக்கர் காலத் திருமேனிகள் ஏராளமாக இருந்தும் 'பிற்காலம்' என்ற ஒரே முத்திரையில் ஒதுக்கப்படுகின்றன. நாயன்மார் வரிசைகள் எண்ணிக்கையினால் ஒதுக்கப்படுகின்றன. அறுபத்துமூவரை நிறுத்த எந்த அரங்கில் இடம்? இராமர் தொகுதி போன்றவை பிரிக்கப்படுகின்றன. சென்னையிலுள்ள பருத்தியூர் தொகுதியில் இராமனும் இலக்குவனும் சீதையும் அனுமனும் ஒருவரையொருவர் பார்க்கும்படி வார்க்கப்பட்டவர்கள். இராமனை மட்டும் பேழையில் வைத்தால் அவன் தலை சாய்ந்திருக்கும் காரணம் போய்விடும். காரைக்கால் அம்மையார் மட்டும் விதிவிலக்கு. எலும்பும் நரம்புமான அந்த உருவம் மேலை அருங்காட்சியகங்களை ஈர்த்தது; மெட்ரோபாலிட்டனிலும் கான்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸிலும் அம்மையார் உண்டு. ஆனால் பிறப்பிடம் சந்தேகமில்லாத அம்மையாரைக் காணவேண்டுமானால் கொழும்புக்குப் போகவேண்டும். பொலன்னறுவையில் 1907 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த சிவாலயத் திருமேனிகளோடு அவரும் அங்கே இருக்கிறார். அகழ்ந்தவர் யார், எந்தச் சிவதேவாலயம் என்பதெல்லாம் பதிவில் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1914-இலேயே அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். சோழர் கால உலோகக் கலையைப் பற்றிய கண்காட்சிகள் பொலன்னறுவையை அடிக்குறிப்பாக வைப்பதற்குக் கலைக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மீட்கப்பட்டவையும் பாதுகாப்புக்காகக் கோயில்களிலிருந்து எடுத்துவைக்கப்பட்டவையும் திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை அருங்காட்சியகப் பொருளும் இல்லை, வழிபாட்டிலும் இல்லை. அவற்றைக் கண்காட்சிக்குக் கேட்கலாமா என்ற கேள்வியில் நான் எச்சரிக்கையாக இருப்பேன். அந்தந்த ஊர் கோயிலுக்குத் திரும்பிப்போகும் உரிமை முதலில் இருக்கிறது. களவு பயம் நீங்கும்படி கோயிலில் அறையும் காவலும் அமைத்துத் தருவது அரசின் வேலை. கண்காட்சிக்கு அவற்றின் படங்களும் அளவுகளும் போதும்.

தமிழ்நாட்டில் உடனே செய்யக்கூடிய கண்காட்சி ஒன்று இருக்கிறது. திருவெண்காட்டில் கிடைத்து, சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் பிரிந்துபோனவர்களை ஆறு மாதம் ஒரே கூரையின் கீழ் நிறுத்துவது. வெளிநாட்டுக் கடன் வேண்டாம், சுங்கம் வேண்டாம், பிறப்பிடத்தில் ஐயம் இல்லை, கல்வெட்டுச் சான்று உண்டு. 1011-ஐச் சேர்ந்த ரிஷபவாகனருக்கு அடுத்து, அதே ஊரில் ஒரு தலைமுறை கழித்து வார்க்கப்பட்ட பிட்சாடனரை வைத்தால், ஒரு பட்டறையின் கை எப்படி மாறியது என்பதை எந்த நூலும் சொல்லாத தெளிவோடு கண்ணால் பார்க்கலாம். திருமணக்கோலத் தொகுதியைச் சிவன் உமை இருவராகச் சுருக்காமல், கொடுக்கும் திருமாலோடும் பின்நிற்கும் திருமகளோடும் அவரவர் இடைவெளியில் நிறுத்தவேண்டும். காளை இருந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, தரையில் அதன் அளவைக் கோடிட்டுக் காட்டலாம். இன்றும் வழிபாட்டில் இருப்பவர்களை அழைக்கவேண்டாம். அவர்களைப் பற்றிய பலகையில் கோயிலுக்குப் போகும் வழி இருந்தால் போதும். தேவைப்படுவது இரண்டு நிறுவனங்களின் இசைவு, நான்கைந்து ஈரக்கட்டுப்பாட்டுப் பேழைகள், நிலை அறிக்கை எழுதத் தெரிந்த ஒரு வேதியியலர், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டும் ஒரு லாரி.